ஊரா, காலனியா?

2001-ஆம் ஆண்டு டர்பன் நகரில் கூடிய இனவெறி எதிர்ப்பு உலக மாநாட்டில், ஜாதிக் கொடுமையையும் இனபேதத்தோடு சேர்த்து விசாரிக்க வேண்டுமென்று தலித் இயக்கத்தினர் வாதாடியதையும், நம் அரசாங்கம் அதற்கு இணங்க மறுத்ததையும் வாசகர்கள் அறிவார்கள். அந்த விவாதம் எவ்வாறாயினும் ஆகுக. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் தொழிலைக் கற்பிக்கிறவர்களும் நடத்துகிறவர்களுமான நாம் அதைத் தூரத்து விஷயமென்று ஒதுக்க இயலாது.

பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் களைந்து, சதை சீவும் ஈர வேலை, தலைமுறை தலைமுறையாகத் தீண்டாமைக்கு ஆளான மக்கள் தலையிலேயே சுமத்தப்பட்டது. 1948-இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றி, டாக்டர் நாயுடம்மா போன்ற மேதைகளின் உழைப்பால் அவ்வேலை உயர்ந்த ரசாயன சாஸ்திரமாக மதிக்கப்பட்ட பின்னரும், அந்தக் கௌரவத்தில் தொட்டியருகே நின்றவனுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து மாண்ட 10 பேரில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்; அபாயமான வேலைக்குக் கேட்பாரற்றவனைத் தேடும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

பயிற்சிக்கு வரும் மாணவனிடம் மேற்பார்வையாளர், "எந்த ஊர் தம்பி?" என்று விசாரிக்கிறார், அடுத்து, "ஊரா, காலனியா?" என்று ஜாதியை ஜாடையாகக் கேட்கிறார். குரலில் கடுமை சிறிதுமில்லை. ஆனால் பையன் தலைகுனிந்து, "காலனிங்க சார்" என்று சொல்லி முடிப்பதற்குள், அவனுக்கு ஈரப் பகுதியா, பரிசோதனைக் கூடமா என்பது தீர்மானமாகிவிடுகிறது. உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிக்கும் ஆசிரியர் செய்வதும் இதே அநீதிதான். மாணவனின் ஜாதி வகுப்பறையில் வெளிப்படலாகாது என்று 2024-இல் நீதிபதி சந்துரு குழு பள்ளிகளுக்குச் சொன்ன யோசனை கல்லூரிகளுக்கும் முற்றிலும் பொருந்தும். பாகுபாடு பற்றிய முறையீடுகளை விசாரிக்கக் கல்லூரிதோறும் ஓர் அதிகாரி வேண்டுமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி செய்திருக்கிறது. அவர் யாரென்று உங்கள் மாணவர்கள் அறிவார்களா?

ஈர வேலையை எல்லா மாணவரும் முறைவைத்துச் செய்யட்டும். பேராசிரியரும் கையுறை மாட்டிக்கொண்டு உடன் நிற்கட்டும். தந்தை வயதுள்ள தொழிலாளியை, அவர் எந்த ஜாதியினராயினும், எந்த மொழி பேசுபவராயினும், ஒருமையில் அழைக்கும் பழக்கத்தை மேற்பார்வையாளர்கள் இன்றே விட்டொழிக்க வேண்டும். வரும் கல்வியாண்டில் பயிற்சிக்கு வரும் எந்தப் பிள்ளையிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று நம் ஆசிரியர்களும் தொழிலதிபர்களும் உறுதி கொள்ளுமாறு வேண்டுகிறோம்.