புலம்பெயர்ந்தவர் வந்துசேர்ந்த இடம்

ஸ்வெதோஸ்லாவ் ரோரிக் ரஷ்ய ஓவியரா, இந்திய ஓவியரா? நாடுகடந்த கலை பற்றிய உரையாடல்களில் எழும் இவ்வினாவே பொருத்தமற்றது என்பது என் கருத்து.

1904இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, லண்டன், நியூயார்க், குலு பள்ளத்தாக்கு எனப் பல இடங்களில் வாழ்ந்தபின் பெங்களூரு வந்தவர் அவர். 1945இல் நடிகை தேவிகா ராணியை மணந்தார். கனகபுரா சாலையிலுள்ள தாதகுணி தோட்டத்தில் வாழ்ந்து, 1993இல் இந்நகரிலேயே மறைந்தார்.

'புலம்பெயர்ந்தவர்' என்னும் நம் சொல் புறப்பாட்டை மட்டுமே சுட்டுகிறது; சென்று சேர்ந்த இடம் அதில் இல்லை. நம் ஆய்வுப் பார்வையும் பெரும்பாலும் அச்சொல்லின் வழியே செல்கிறது. விட்டுவந்த நாட்டின் சாயலை வண்ணங்களில் தேடுகிறோம். வந்த ஊருக்கு ஓவியர் என்ன அளித்தார் என்று கேட்பதில்லை.

இவ்வகையில் சட்டம் நம்மைவிடத் தெளிவானது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கலைக் கருவூலங்களாக அறிவிக்கப்பட்டு, நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லத் தடைவிதிக்கப்பட்டவை ஒன்பது ஓவியர்களின் படைப்புகள். அவர்களுள் ஒருவர் இவருடைய தந்தை நிக்கோலஸ் ரோரிக். மற்றொருவர் புடாபெஸ்ட்டில் பிறந்த அம்ரிதா ஷெர்கில். தேசியச் செல்வம் என நாம் காக்கும் பட்டியலிலேயே எல்லை கடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள்.

"ஸ்வெதோஸ்லாவின் பாணியைப் பின்பற்றியவர் இங்கு எவர்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெங்களூருவின் சமகாலக் கலை பெரிதும் வேறு திசைகளில் சென்றது. ஆனால் செல்வாக்கு என்பது போலச்செய்தல் மட்டுமன்று. தந்தையின் ஓவியங்களையும் தம் ஓவியங்களையும் கர்நாடக சித்திரகலா பரிஷத்துக்கு அவர் அளித்தார். அவற்றுக்கான காட்சிக்கூடங்களும் நுண்கலைக் கல்லூரியும் அங்கு அருகருகே இயங்குகின்றன. வகுப்பில் வண்ணம் குழைக்கக் கற்கும் மாணவர், சில அடிகள் நடந்தால் அச்சுப்படியை அன்று, மூல ஓவியத்தையே காணலாம். ஒரு நகரத்தின் கலைக்கல்விக்கு இது சிறிய கொடையன்று.

எனினும் அவர் பெயர் இன்று வேறொரு துறையில் ஓங்கி ஒலிக்கிறது. தாதகுணி தோட்டத்தைக் கையகப்படுத்த மாநில அரசு 1996இல் தனிச்சட்டம் இயற்றியது. அதையொட்டிய வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சொத்துரிமை குறித்த முக்கியத் தீர்ப்புகளுள் ஒன்று. ரோரிக் என்னும் பெயரைச் சட்ட மாணவர் அறிந்த அளவுக்குக் கலை மாணவர் அறிவாரா என்பது என் ஐயம்.

நிலத்தின் வரலாறு தீர்ப்பில் பதிவாகிவிட்டது. ஓவியங்களின் வரலாற்றை எழுதவேண்டியவர்கள் ஆய்வாளர்கள். அவர் எந்நாட்டவர் என்னும் விவாதத்தை நிறுத்திவிட்டு, இந்நகரிலுள்ள அவருடைய படைப்புகளிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.