நஞ்சில்லை சரி, கிருமி?

வங்கியில் இருந்தப்போ, தெரிந்த முகம் நீட்டிய நோட்டையும் ஊதா விளக்கில் காட்டித்தான் வாங்குவோம். யாரும் கோவிச்சுக்கிட்டதில்லை. இப்போ சிதம்பரம் பக்கம் கீரை, கொத்தமல்லி போடுறேன். "இயற்கையில விளைஞ்சது, அப்படியே சாப்பிடலாம்" என்று சொல்லி விற்றிருக்கிறேன். எந்த விளக்கில் காட்டிச் சொன்னேன்?

நாம் பேசுவதெல்லாம் பூச்சிக்கொல்லி எச்சம்தான். சாணத்தில் வரும் ஈ.கோலை பற்றி வாய் திறப்பதில்லை. 2011-இல் ஜெர்மனியில் அதன் கொடிய வகை ஒன்று பரவி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் பழி ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் விழுந்தது. பாவம், அந்த விவசாயிகள் விற்க முடியாமல் காயைக் கொட்டி அழித்தார்கள். கடைசியில் போய் நின்றது ஜெர்மனியிலேயே ஓர் இயற்கைப் பண்ணையின் முளைப்பயிரில்!

ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க நாள்கணக்கில் ஆகும். கீரை அதுவரை காத்திருக்குமா? இதற்குத்தான் நானோ உணரிகள். கொரோனா சோதனைப் பட்டையில் விழுந்த சிவப்புக் கோடு பெரும்பாலும் நுண்ணிய தங்கத் துகள்தான். அதே முறையில் கீரை அலசிய தண்ணீரையும் சோதிக்கலாம். குறையும் உண்டு: கிருமி கொஞ்சமாக இருந்தால் கோடு விழாது, சில மணி நேரம் வளர்த்த பிறகே தெரியும்.

இந்தப் பட்டை பெரிய கடைக்காரர் கையில் மட்டும் இருந்தால் நம் சரக்கைத் தள்ளத்தான் பயன்படும். கடலூர் உழவர் சந்தையில், நம் கையில் இருக்கணும். அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலம் கூப்பிடு தூரத்தில்தான். இயக்கமாகப் போய்க் கேட்போம்.

அதுவரை அமுதக்கரைசலை இலைமேல் தெளிப்பதில்லை, மண்ணுக்கு மட்டும்தான். அறுத்த கட்டைக் குட்டைத் தண்ணியில் அலசுவதையும் விட்டாச்சு. நம்ம நண்பர்களே சிலர் முகம் சுளிக்கிறாங்க.