முதல் பக்கத்தைக் கிழிக்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு சாயங்காலம், சீர்காழியில் எங்கள் தெருப் பையன் ஒருவன் தன் டாக்டர் பட்ட ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். ஆனாலும் நாலு நாவல் எழுதிய பாவத்துக்காகப் பிழை பார்க்க என்னிடம் வருவார்கள்.

சீவக சிந்தாமணியைப் பற்றிய ஆராய்ச்சி. பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு: உ. வே. சாமிநாதையர் பதிப்பு, 1887. எனக்கு நாக்கில் ஜலம் ஊறிற்று.

“அந்த முதல் பதிப்பை எங்கேயப்பா பிடித்தாய்?” என்றேன்.

“பார்த்ததில்லை, சார். மதுரைத் திட்டத்து இணையதளத்திலிருந்து எடுத்தேன். அதைப் போட்டால் கௌரவம் இல்லையாம். எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள்.”

நேரில் பொய் சொல்லத் தெரியாத பையன். அச்சில் சொல்வதற்கு மட்டும் பழக்கி வைத்திருக்கிறார்கள்!

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரிலிருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல தேசத்துத் தமிழர்கள் ஆபீஸ் வேலை போக மிஞ்சிய நேரத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, பிழை திருத்தி, இலவசமாக உலகத்துக்கு வைத்தார்கள். தட்டெழுதியவர், திருத்தியவர் பெயர்கள் ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் இருக்கும். கூடவே ஒரு வேண்டுகோள்: தாராளமாக வழங்குங்கள், இந்த முகப்பை மட்டும் நீக்காதீர்கள். காசு கேட்கவில்லை, பொன்னாடை கேட்கவில்லை. அந்த ஒரு பக்கத்தைத்தான் நம் பண்டிதர்கள் முதலில் கிழிக்கிறார்கள்.

ஐயர் அவர்கள் இப்படியா செய்தார்? ஏட்டுச் சுவடி கொடுத்தவர்களின் பெயரையும் ஊரையும் முகவுரையில் அச்சிட்டாரே! அவர் பதிப்பின் பெயரை வைத்தே அந்த வழக்கத்தைக் கொல்வது வேடிக்கை. எங்கள் சட்டைநாதர் கோயிலில் 2023 ஏப்ரலில் மண்ணைத் தோண்டியபோது தேவாரம் பொறித்த செப்பேடுகள் 400-க்கு மேல் கிடைத்தன. கிடைத்த இடத்தை விட்டுவிட்டு யாராவது அவற்றைப் பற்றி ஆராய்ச்சி எழுதுவார்களா?

“இணையத்தில் பிழை மலிந்திருக்கிறதே” என்பார்கள். அப்படியானால் எங்கே எடுத்தீர்கள் என்று சொல்வது இன்னும் அவசியமல்லவா? தளத்தில் உள்ள பாடம் ஒரே ராத்திரியில் திருத்தப்படலாம். ஆகவே பார்த்த தேதியும் வேண்டும். பிழை தளத்தினுடையதா, பையனுடையதா என்று அப்போதுதான் தெரியும். இல்லாவிட்டால் பழி ஐயர் தலையில் விழும்.

மென்பொருளின் கதியும் இதுதான். பையன் செய்யுளில் வரும் சொற்களை ‘ஆர்’ என்ற இலவச மென்பொருளால் எண்ணி, ஓர் அத்தியாயம் முழுக்க அட்டவணை போட்டிருக்கிறான். அதன் பெயர் ஓரிடத்திலும் இல்லை. என்னை இவ்விதம் குறிப்பிடு என்று சொல்ல அந்த மென்பொருளுக்குள்ளேயே ஒரு கட்டளை இருக்கிறது! எந்தப் பதிப்பால் எண்ணினான் என்று எழுதாவிட்டால், நாளை வேறொருவன் எண்ணிக் கணக்கு உதைத்தால் யாரைக் கேட்பது?

பையனை நான் கோபிக்கவில்லை. கையெழுத்துப் போடும் பேராசிரியர்களோடுதான் எனக்குச் சண்டை. மாணவன் பார்க்காத புத்தகத்தைப் பார்த்ததாக எழுதுவது அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்துதானே போடுகிறார்கள்?

பையன் அடிக்குறிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தான். இருநூற்றுப் பதினேழு.

“எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா, சார்?”

உள்ளே திரும்பி, இரண்டு காப்பி போடச் சொன்னேன்.