இதயத்துடிப்புக்கும் விலைப்பட்டியலா?

“எந்த இதயமுடுக்கி பாதுகாப்பானது?” என்று கேட்கும் குடும்பத்துக்குத் தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் கிடைப்பது மருத்துவ விளக்கம் அன்று, விலைப்பட்டியல். ஒற்றைக் கம்பி பேஸ்மேக்கருக்கு ஒரு விலை. இரட்டைக் கம்பிக்கு அதற்கு மேல். கம்பியே இல்லாத புதிய வகைக்குப் பல மடங்கு. விலை ஏற ஏறப் பாதுகாப்பும் ஏறும் என்பதே அப்பட்டியல் சொல்லாமல் சொல்லும் சேதி. அது பொய்.

கனடாவில் 2,568 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2000-இல் வெளியான ஆய்வில், கீழறையை மட்டும் தூண்டும் கருவியைப் பொருத்தியவர்களில் 3.8 சதவீதத்தினருக்கும், மேலறைத் துடிப்பையும் கணக்கில் கொள்ளும் கருவியைப் பொருத்தியவர்களில் 9 சதவீதத்தினருக்கும் அறுவையை ஒட்டிய சிக்கல்கள் நேர்ந்தன. இதய மின்தடை கொண்ட, எழுபது வயதைத் தாண்டிய 2,021 பேரை ஆராய்ந்து 2005-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஆண்டு இறப்பு விகிதம் ஒற்றைக்கு 7.2, இரட்டைக்கு 7.4 சதவீதம். உயிர்காப்பதில் வேறுபாடு இல்லை.

இரட்டைக் கம்பி வீண் என்பதன்று இதன் பொருள். இயற்கையான துடிப்பு முனை நலிந்தவர்களுக்கு, மேலறை ஒழுங்கற்றுத் துடிக்கும் கோளாறை அது குறைக்கிறது. கம்பியில்லா வகையில் கம்பி முறிவதில்லை. மார்புத் தோலடியில் கிருமித்தொற்றும் இல்லை. ஆனால் பொருத்தும்போது இதயச்சுவர் துளைபட்டால் விளைவு கடுமையாக இருக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே 2021 நவம்பரில் மருத்துவர்களை எச்சரித்தது. ஒவ்வொரு வகையும் ஓர் அபாயத்தை நீக்கி மற்றோர் அபாயத்தைக் கொணர்கிறது. ஆகவே தேர்வை முடிவு செய்ய வேண்டியது நோயே அன்றிப் பணப்பை அன்று.

பொருத்திய பின்னும் அபாயம் தொடர்கிறது. 2017-இல் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 4,65,000 பேஸ்மேக்கர்களின் மென்பொருளைத் திருத்த வேண்டியதாயிற்று. வெளியாள் ஊடுருவி அவற்றை இயக்கக்கூடும் என்பதே காரணம். இதே துறையைச் சேர்ந்த கைடன்ட் நிறுவனம், இதய அதிர்வுக் கருவிகளின் பழுது குறித்த தகவல்களை உரியபடி தெரிவிக்காத குற்றத்தை 2010-இல் ஒப்புக்கொண்டு, 29 கோடி டாலருக்கு மேல் தண்டம் செலுத்தியது. லாபம் தன்னைத் தானே கண்காணித்துக்கொள்ளும் என்று நம்புவோர் இவ்வழக்கைப் படிக்கட்டும்.

சுவீடனில் 1989 முதல் தேசிய பேஸ்மேக்கர் பதிவேடு உண்டு. எந்தக் கருவி யார் நெஞ்சில் இருக்கிறது, எது எப்போது பழுதாகிறது என்பதை அங்கே அறியலாம். இங்கோ, 2017 மருத்துவக் கருவி விதிகள் பேஸ்மேக்கரை மிக உயர்ந்த அபாயப் பிரிவில் வைத்துள்ளன. ஆனால் பொருத்தப்பட்ட ஒவ்வொரு கருவியையும் பின்தொடரும் கட்டாயப் பொதுப் பதிவேடு இல்லை. நாளை ஒரு கம்பி பழுதானதென அறிவிப்பு வந்தால், விதர்பாவின் பருத்தி விவசாயியையும் தன்பாதின் சுரங்கத் தொழிலாளியையும் யார் தேடிச் செல்வார்?

விலையிலும் இதே அலட்சியம். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என உச்சவிலை நிர்ணயிக்கப்பட்டது. லட்சத்துக்கு மேல் விற்ற பொருளின் விலையைக் கட்டுப்படுத்த முடியும் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது. பேஸ்மேக்கருக்கோ அத்தகைய உச்சவிலை இல்லை. ஆண்டுக்குப் பத்து சதவீதம் விலையேற்ற நிறுவனங்களுக்கு உரிமம் மட்டும் உண்டு.

திருவனந்தபுரத்தில் அரசின் ஸ்ரீ சித்திரா நிறுவனம் குறைந்த விலையில் செயற்கை இதய வால்வை உருவாக்கிக் காட்டியது. பேஸ்மேக்கரிலும் அத்தகைய பொது ஆய்வும் உற்பத்தியும் வேண்டும், உச்சவிலை வேண்டும், கட்டாயப் பதிவேடும், பழுதான கருவியை நிறுவனத்தின் செலவிலேயே மாற்றித் தரும் சட்டமும் வேண்டும். பாதுகாப்பு என்பது கடையில் தேர்ந்தெடுக்கும் ரகம் அன்று. போராடிப் பெற வேண்டிய உரிமை.