ஒரு முழங்காலும் முப்பத்தெட்டு மேட்சும்

ஃபுட்பால் ரசிகன் எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டியதே இல்லை. சீஸன் ஆரம்பித்து எட்டு வாரம் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் போதும். தொடைக்குப் பின்னால் இருக்கிற சதைக்கு ஹாம்ஸ்ட்ரிங் என்று பேர், பிடித்துக்கொண்டால் சில வாரம், கிழிந்தால் சில மாதம், கெண்டைக்கால் என்றால் அது தனிக் கணக்கு... கடகடவென்று சொல்வான். சொந்த முதுகுவலிக்கு மட்டும் தைலம் தடவிக்கொண்டு குப்புறப் படுத்துவிடுவான்.

நான் லிவர்பூல் கட்சி. எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்த வருஷம் 2020.

அதற்கு முந்தின சீஸன் எப்பேர்ப்பட்ட சீஸன்! 1990-க்குப் பிறகு முப்பது வருஷம் காத்துக் கிடந்து, 99 பாயிண்ட் எடுத்து லீக் பட்டம். கொரோனா புண்ணியத்தில் காலி ஸ்டேடியத்தில் கோப்பையைத் தூக்கினார்கள். அதுவும் ஜூலை மாதக் கடைசியில். உடனே செப்டம்பர் 12-ம் தேதி அடுத்த சீஸன். மூச்சு விடக்கூட நேரமில்லை. போதாக்குறைக்கு, ஐரோப்பாவின் மற்ற பெரிய லீக்குகள் ஒரு மேட்ச்சில் ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை அனுமதித்தபோது, இங்கிலாந்து கிளப்கள் ஓட்டுப் போட்டு 'மூன்றே போதும்' என்று முடிவு செய்தன. களைத்த காலை உட்கார வைக்க வழியில்லை. கோச் யூர்கன் கிளாப் இதைப் பற்றி வாராவாரம் புலம்பினார். நியாயமான புலம்பல் என்பது என் கட்சி.

முதல் அடி அக்டோபர் 4. ஆஸ்டன் வில்லா 7, லிவர்பூல் 2. கோல்கீப்பர் அலிஸன் பயிற்சியில் தோள்பட்டையில் அடிபட்டு வெளியே இருந்தார். அதைச் சொல்லிச் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் ஏழு கோலுக்கு ஒரு தோள்பட்டை எப்படிப் பொறுப்பாகும்? 1963-க்குப் பிறகு லிவர்பூல் ஒரே மேட்ச்சில் ஏழு வாங்கியது அன்றைக்குத்தான்.

அடுத்த லீக் மேட்ச், அக்டோபர் 17. பக்கத்துத் தெரு விரோதி எவர்ட்டனின் மைதானம். நம் ஊர் நேரம் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. மூன்றாவது நிமிஷமே மானே கோல் போட்டுவிட்டார். கையில் காபி, மனசில் கற்கண்டு. ஐந்து நிமிஷம்கூட நீடிக்கவில்லை. பந்தைத் துரத்தி வந்த வர்ஜில் வான் டைக்கின் வலது காலைக் கத்திரிக்கோல் மாதிரி இரண்டு காலால் இடுக்கிக்கொண்டு விழுந்தார் எவர்ட்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்டு. முழங்கால் போகக் கூடாத திசையில் போனது.

வான் டைக் ஒரு நூலிழை ஆஃப்சைடு என்று கொடி. அதனால் பெனால்டி இல்லை, சரி. சிவப்பு அட்டைக்கும் ஆஃப்சைடுக்கும் என்ன சம்பந்தம்? ஆஃப்சைடில் நிற்பவன் காலை உடைக்கலாம் என்று எந்த ரூல் புத்தகத்தில் இருக்கிறது? வீடியோ ரெஃப்ரி திரும்பத் திரும்பப் பார்த்தார். தோள்பட்டை எங்கே, அக்குள் எங்கே என்று கோடு போட்டுப் பார்த்தாரே தவிர, முழங்காலைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கடைசி நிமிஷத்தில் ஹென்டர்சன் போட்ட வெற்றி கோலும், மானேயின் முழங்கை அளவு ஆஃப்சைடு என்று அதே கோட்டில் போச்சு. 2-2. அதற்குள் ரிச்சர்லிசன் ஓங்கி விட்ட உதையில், புதிதாக வந்த தியாகோவும் நொண்டினார். (இதற்குச் சிவப்பு அட்டை உண்டு.)

மறுநாள் சேதி வந்தது. வான் டைக்குக்கு ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன்.

இந்த ஜவ்வு என்பது முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்கே இழுத்துக் கட்டியிருக்கும் கயிறு. முழுசாக அறுந்தால் தானாக ஒட்டாது. உடம்பில் வேறு இடத்திலிருந்து கொஞ்சம் நாரை எடுத்து அங்கே பொருத்தி, அது வேர் பிடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஆட்டக்காரனுக்கு எட்டு, ஒன்பது மாசம் என்பது சாதாரணம். அதாவது, மொத்த சீஸனும்.

நான் சோபாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மாமனார் பதறிப்போய் வந்தார்.

"யாருக்கு மாப்பிள்ளை, என்ன ஆச்சு?"

"வான் டைக்குக்கு முழங்கால் போயிடுச்சு மாமா. ஒரு வருஷம் வரமாட்டாரு."

"அடடா... உங்க ஆபீஸ்ல வேலை பாக்கறவரா?"

விளக்கினேன். மனிதர் ரிட்டையர்டு பாங்க் ஊழியர். ஃபுட்பால் பார்த்ததே இல்லை. ஆனால் லிவர்பூலுக்கு வந்த வியாதியை அவரைப் போல் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"ஒரு ஆள்தானே போனாரு? வேற ஆளைப் போட வேண்டியதுதானே?"

அங்கேதான் விஷயம். நடுப் பின்னணிக்கு (பழைய ஆட்டக்காரர்கள் 'ஸ்டாப்பர்' என்பார்கள்) நாலு பேர் இருந்தார்கள். லவ்ரன் என்பவரை ஜூலையில் ரஷ்யாவின் ஜெனித்துக்கு விற்றுவிட்டு, அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. மிச்சம் மூன்று பேரில் மாத்திப்பும் கோமஸும் ஏற்கெனவே பல தடவை அடிபட்டுப் படுத்தவர்கள். வான் டைக் மட்டும் இரண்டு முழு சீஸன் ஒரு லீக் மேட்ச்கூட லீவு போடாதவர். அந்த தைரியத்தில் நிர்வாகம் கணக்குப் போட்டது. பிக்ஃபோர்டைத் திட்டித் தீர்த்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டவர்களை ஏன் விட்டுவைத்தார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

நவம்பர் 11-ம் தேதி இங்கிலாந்து டீம் பயிற்சியில், யாரும் தொடாமலேயே கோமஸின் முழங்கால் போச்சு. ஜனவரிக் கடைசியில் மாத்திப்பின் கணுக்கால். மூன்றுக்கு மூன்றும் காலி! நடுவில் அலெக்ஸாண்டர்-அர்னால்டுக்குக் கெண்டைக்கால், வந்த புதிதிலேயே கோலாகக் குவித்த ஜோட்டாவுக்கு முழங்கால். (அந்த ஜோட்டா 2025 ஜூலையில் கார் விபத்தில் போய்விட்டார். இருபத்தெட்டே வயசு. அந்த மாதங்களின் கோல்களை இப்போது பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.)

"அப்புறம் யார்தான் ஆடினாங்க?" என்றார் மாமனார்.

"மிட்ஃபீல்டுல இருந்த ஃபாபின்யோவையும் ஹென்டர்சனையும் பின்னாடி இறக்கினாங்க மாமா."

மாமனார் சிரித்துவிட்டார். "எங்க பிராஞ்ச்ல இதேதான்! கேஷியர் மெடிக்கல் லீவ்ல போனாரு. அக்கவுண்டன்ட்டை கேஷ்ல உட்கார வெச்சாங்க. கேஷ் டேலி ஆச்சு. ஆனா லெட்ஜர் பாக்க ஆளில்லை. மேனேஜர் லெட்ஜர் பாக்க வந்தாரு. லோன் கேட்டு வந்தவன் எல்லாம் திரும்பிப் போயிட்டான்."

அட்சர சுத்தமாக அதுதான் நடந்தது. பின்னணி ஓரளவு சமாளித்தது. ஆனால் எதிராளியிடமிருந்து பந்தைப் பிடுங்கி உடனே முன்னால் தள்ளுகிற இடத்தில் ஆளில்லை. வான் டைக் ஐம்பது, அறுபது கஜம் தாண்டி சலாவின் காலடியில் கொண்டுபோய் வைக்கிற அந்த நீளப் பந்தும் இல்லை. பின்னால் பயம் என்பதால் விங் பக்கம் ஓடுகிறவர்களும் தயங்கினார்கள். அடிபட்டது பின்னால். கோல் நின்றுபோனது முன்னால்! டிசம்பர் 19-ல் கிரிஸ்டல் பேலஸை 7-0 என்று அடித்த அதே டீம், புது வருஷத்தை ஒட்டி வரிசையாக நாலு லீக் மேட்ச்சில் ஒரு கோல்கூடப் போடவில்லை.

ஜனவரி 21, நம் கணக்கில் விடிந்தால் வெள்ளி, ராத்திரி ஒன்றரை மணி. பர்ன்லியிடம் ஆன்ஃபீல்டில் 0-1. சொந்த மண்ணில் 68 லீக் மேட்ச்சாகத் தோற்காத பெருமை ஒரு பெனால்டியில் முடிந்தது. காலையில் ஒன்பது மணிக்கு ஆபீஸில் என் முகத்தைப் பார்த்த மான்செஸ்டர் நண்பர் "என்ன பாஸ், ஜுரமா?" என்று விசாரித்தார். அப்புறம் பிரைட்டன், சிட்டி, எவர்ட்டன், செல்சி, ஃபுல்ஹாம். சொந்த ஊரில் வரிசையாக ஆறு தோல்வி, கிளப் சரித்திரத்திலேயே முதல் தடவை. ஆறிலும் சேர்த்து லிவர்பூல் போட்டது ஒரே கோல், அதுவும் பெனால்டி.

பிப்ரவரி 1, ஆள் எடுக்கக் கடைசி நாள். அவசர அவசரமாக இரண்டு பேர் வந்தார்கள். கபாக் ஆடினார். ப்ரெஸ்டனிலிருந்து வந்த பென் டேவிஸ், லிவர்பூலுக்காக ஒரு போட்டியில்கூடக் களம் இறங்காமலே அப்புறம் வேறு கிளப்புக்குப் போனார். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வாங்கி, நாற்காலி கிடைக்காமலே டிரான்ஸ்ஃபர்!

காப்பாற்றியது யார் தெரியுமோ? நாட் ஃபில்லிப்ஸ். முந்தின சீஸன் ஜெர்மனியின் இரண்டாம் டிவிஷனில் ஸ்டுட்கார்ட்டுக்கு ஆடிய பையன். கூட ரீஸ் வில்லியம்ஸ், அதே சமயம் இங்கிலாந்தின் ஆறாவது டிவிஷனில் கிடர்மின்ஸ்டருக்கு ஆடியவர். வேகம் கம்மி, பந்தைத் தட்டுவதில் நளினம் கிடையாது. ஆனால் வருகிற பந்தையெல்லாம் தலையால் முட்டித் தள்ளினார் ஃபில்லிப்ஸ். மார்ச்சில் ஃபாபின்யோவை மறுபடி மிட்ஃபீல்டுக்கே அனுப்பினார்கள். அவ்வளவுதான். கடைசி பத்து லீக் மேட்ச்சில் எட்டு வெற்றி, இரண்டு டிரா. அக்கவுண்டன்ட் தன் சீட்டுக்குத் திரும்பினார், ஆபீஸ் நடந்தது. இதை டிசம்பரிலேயே செய்திருக்கலாம் என்று நான் இன்றைக்கும் வாதாடுவேன்.

நடுவில் மே 16, வெஸ்ட் ப்ராம் மேட்ச். 1-1, தொண்ணூற்றைந்தாவது நிமிஷம், கார்னர். கோல்கீப்பர் அலிஸன் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடிவந்து தலையால் முட்டினார். கோல்! லிவர்பூல் சரித்திரத்தில் ஒரு கோல்கீப்பர் போட்ட முதல் கோல். பிப்ரவரியில்தான் அவர் அப்பா பிரேசிலில் நீரில் மூழ்கி இறந்திருந்தார். அலிஸன் அழுதுகொண்டே பேட்டி கொடுத்தார். இங்கே லாக்டவுன், ராத்திரி பதினொரு மணி. நான் போட்ட சத்தத்தில் எதிர் ஃப்ளாட்டில் விளக்கு எரிந்தது.

கடைசியில் 69 பாயிண்ட், மூன்றாவது இடம். கடைசி மேட்ச்சில் ஃபில்லிப்ஸும் வில்லியம்ஸும்தான் பின்னணி. அடுத்த ஆகஸ்ட்டில் வான் டைக் திரும்பினார். 2025-ல் கேப்டனாக லீக் கோப்பையையே தூக்கினார், அது ஊரறிந்த கதை.

மாமனாருக்கு வேறு கவலை.

"அந்தப் பையன்... தலையால முட்டினானே, அவனை பர்மனென்ட் பண்ணாங்களா?"

"பெரிய ஆளுங்க எல்லாம் திரும்பி வந்துட்டாங்க மாமா. 2022 ஜனவரியில போர்ன்மத்துக்கு லோன்ல அனுப்பிட்டாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"லோனா? வட்டி எவ்வளவு?"