எக்ஸ் கதிரும் உழைப்பாளர் கரங்களும்

விஞ்ஞான வரலாற்றைச் சில மேதைகளின் வாழ்க்கைக் கதையாகச் சுருக்கிவிடும் வழக்கம் எம்மிடையே ஆழ வேரூன்றிவிட்டது. அப்பிள் விழுந்தது, நியூற்றனுக்கு ஞானம் பிறந்தது. தொட்டியில் நீர் வழிந்தது, ஆர்க்கிமிடீஸ் தெருவில் ஓடினார். எக்ஸ் கதிரின் கதையும் இந்த வரிசையிலேதான் வைக்கப்பட்டுள்ளது. 1895 நவம்பர் 8ஆம் திகதி மாலை, ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரிலே, பேராசிரியர் றொன்ட்ஜன் கறுப்புத் தாளால் மூடிய குழாயொன்றில் மின்னைச் செலுத்தினார். சற்றுத் தொலைவில் இருந்த பேரியம் பிளாற்றினோசயனைட்டுத் திரை ஒளிர்ந்தது. தற்செயலாய்ப் பெருங்கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. பாடம் இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. அந்தக் குழாய் எங்கிருந்து வந்தது, அதைச் செய்தவர் யார் என்று மாணவன் கேட்பதற்கு அப்பாடத்தில் இடமே இல்லை.

குழாய் வானத்திலிருந்து விழவில்லை. ஜேர்மனியிலே பொன் எனப்படும் நகரில் கைஸ்லர் என்றொருவர் இருந்தார். கண்ணாடி ஊதி ஆய்வுக் கருவிகள் செய்வது அவர் தொழில். 1855இல் இரசத்தைக் கொண்டு காற்றை வெளியேற்றும் பம்பியொன்றை அவர் அமைத்தார். இரண்டாண்டுகளின் பின் அவர் ஊதிய குழாய்களிலே மின் பாய்ந்தபோது உள்ளிருந்த வாயு வண்ண வண்ணமாய் ஒளிர்ந்தது. 1865இல் ஸ்பிரெங்கலின் பம்பி வந்தது. வெற்றிடம் மேலும் செம்மையாயிற்று. ஹிட்டோர்வும் குரூக்ஸும் கதோட்டுக் கதிரை ஆராய்ந்தது அதன் பிறகே. சூடேறினாலும் வெடிக்காத கண்ணாடிச் சுவர், காற்றுப் புகாதபடி அதனூடே பொருத்திய உலோகக் கம்பி, நாட்கணக்கில் இயக்கப்பட்ட பம்பி - இவற்றுள் எதனையும் சூத்திரம் எழுதிச் செய்ய முடியாது. நெருப்பின் முன் நின்று பழகிய மூச்சும் விரலுமே அவற்றைச் செய்தன.

'தற்செயல்' என்ற சொல்லையும் சற்று நோக்குவோம். 1890 பெப்ரவரி 22ஆம் திகதி, பிலடெல்பியாவிலே குட்ஸ்பீட் என்ற பேராசிரியரும் ஜெனிங்ஸ் என்ற நிழற்படக்காரரும் எடுத்த தகடொன்றில் விளங்காத வட்ட நிழல்கள் விழுந்தன. தகட்டை ஒரு புறம் வைத்துவிட்டார்கள். ஆறாண்டுகளின் பின்பே அது எக்ஸ் கதிர்ப் படம் என்று தெரிந்தது. தற்செயல் அங்கும் வந்ததுதான், உழைப்பு வரவில்லை. றொன்ட்ஜனோ ஏழு வாரம் ஆய்வுகூடத்திலே கிடந்து உழைத்தார். அவரது பெருமை அந்த ஏழு வாரத்தில் இருக்கிறது. அதை ஒரு மாலைப்பொழுதின் அதிர்ஷ்டமாக்குவோரே அவரைச் சிறுமைப்படுத்துகின்றனர், நாம் அல்ல.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். றொன்ட்ஜனுக்கு முன் கதோட்டுக் கதிரை ஆராய்ந்த லெனார்ட், புகழ் தமக்கே உரியது என்று வாழ்நாள் முழுதும் புழுங்கினார். இறுதியில் ஹிட்லரின் அணியிலே சேர்ந்து 'ஜேர்மானியப் பௌதிகம்' பேசினார். கூட்டுழைப்பைப் பற்றி நாம் கூறுவது அந்தப் புழுக்கமன்று. அவர் கேட்டது மற்றொரு தனியுடைமை. றொன்ட்ஜன் எக்ஸ் கதிருக்குக் காப்புரிமை பெறவில்லை. 1901இல் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தையும் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். அறிவு பொதுச்சொத்து என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

ஆனால் கதிர் பொதுவாயிற்றே தவிர, அதன் துன்பம் பொதுவாகவில்லை. அன்றைய குழாய்களிலே சிறிதளவு வாயு எஞ்சியிருந்தது. பயன்படுத்தப் பயன்படுத்த அதன் அளவு மாறியது. கதிரின் ஊடுருவும் வலிமையும் கூடிக் குறைந்தது. எனவே குழாயைச் சோதிக்க வேண்டும். எதைக் கொண்டு? இயக்குபவர் தம் கையையே குழாய்க்கும் திரைக்கும் இடையே நீட்டி, எலும்பு தெளிவாய்த் தெரிகிறதா என்று பார்த்தார். ஒரு நாளிலே பலமுறை, வருடக்கணக்காக. எடிசனின் ஆய்வுகூடத்திலே கிளாரன்ஸ் டல்லி என்ற கண்ணாடி ஊதும் தொழிலாளி இப்படித்தான் கை நீட்டினார். இடக்கை வெந்து புண்ணானபோது வலக்கையை நீட்டினார். இரு கரங்களும் வெட்டப்பட்டன. 1904இல், 39ஆம் வயதில், புற்றுநோயால் மாண்டார். எடிசன் அவர் சம்பளத்தை நிறுத்தவில்லை என்பதையும் கூறிவிடுகிறோம். கரங்களுக்கு விலை உண்டென்று கருதுவோர்க்கு அது போதுமாயிருக்கலாம்.

சான் பிரான்சிஸ்கோவிலே கணக்கெழுதி வாழ்ந்த எலிசபெத் பிளைஷ்மன் என்ற பெண் எக்ஸ் கதிரைக் கற்று, யுத்தத்தில் காயமுற்ற போர்வீரரின் உடலில் தைத்த குண்டுகளைப் படம்பிடித்துக் காட்டினார். அவரும் கரத்தையிழந்து 1905இல் இறந்தார். ஹம்பேர்க்கிலே 1936இல் எழுப்பப்பட்ட நினைவுக் கல்லிலே இவ்வாறு மடிந்த 169 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன: வைத்தியர், பௌதிகர், தாதியர், ஆய்வுகூட ஊழியர். தொழிலாளியின் பிள்ளை விஞ்ஞானப் பாடத்திலே தன் இனத்தாரைக் காணவில்லையென்றால், அவர்கள் அங்கே இல்லாதிருந்ததாலன்று. பாடம் அவர்களை அழித்ததாலேயே. றொன்ட்ஜனின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர் கைஸ்லர், டல்லி என்ற இரு பெயர்களையும் எழுதுவதற்கு எந்தப் பாடத்திட்டமும் தடையாகாது.

1913இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியின் ஆய்வுகூடத்திலே கூலிட்ஜ் புதுக் குழாயை அமைத்தார். வாயு அநேகமாய் முற்றாக அகற்றப்பட்டது; சூடேறிய தங்குதன் இழை இலத்திரன்களை ஈந்தது; கதிரின் அளவையும் வலிமையையும் வெவ்வேறாகக் கட்டுப்படுத்த முடிந்தது. கையை நீட்டும் தேவை ஒழிந்தது. உயிர்காத்த சாதனை இது; மறுக்கமாட்டோம். ஆனால் றொன்ட்ஜன் கட்டாத வேலியைக் கம்பனி கட்டிக்கொண்டது. குழாய்க்குக் காப்புரிமை, இழையாக நீளும் தங்குதனுக்கும் காப்புரிமை! பின்னதை 1928இல் அமெரிக்க நீதிமன்றமே செல்லாதென்றது. உலோகத்தின் இயற்கைக் குணத்தைக் கண்டறிந்தவர் அக்குணத்துக்கு உடைமைக்காரர் ஆகார் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இலாபம் எதையும் கற்பதில்லை என்பதற்குச் சப்பாத்துக் கடைகள் சாட்சி. 1920கள் முதல் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் கடைகளிலே எக்ஸ் கதிர்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. குழந்தை புதுச் சப்பாத்தோடு பெட்டியினுள் காலை நுழைக்கும். தாயும் விற்பனையாளரும் மேலிருந்து விரலெலும்புகளைப் பார்த்து மகிழ்வர். சப்பாத்தை அளக்க இந்தக் கதிர் வேண்டியதில்லை, விற்பதற்கு வேண்டியிருந்தது. வாங்குபவர் சில விநாடிகளிலே போய்விடுவார். விற்பனைப் பெண்ணோ நாள் முழுதும் அப்பெட்டியின் அருகிலேயே நின்றாள். அமெரிக்க மாநிலங்களுள் முதன்முதலாகப் பென்சில்வேனியா அப்பெட்டிகளைத் தடைசெய்தது 1957இல். டல்லி இறந்து அப்போது 53 ஆண்டுகள் கழிந்திருந்தன.