பட்டம் யாருக்கு வெறும் காகிதம்?

'டிகிரி வெறும் காகிதம், திறமை போதும்' என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பேசுகிறவரைப் பாருங்கள்: வேலை வாங்கித்தர மாமாவோ, கடை வைத்துத்தர அப்பாவோ இருப்பார். காலனிப் பிள்ளைக்குச் சிபாரிசு செய்ய அந்தக் காகிதத்தை விட்டால் ஆளில்லை.

காகிதம் எல்லாவற்றையும் மாற்றிவிடாதுதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர் அம்பேத்கர். 1917-ல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தபோது அவருக்குத் தங்க அறை கிடைக்கவில்லை. பெயரை மறைத்து பார்சி விடுதியில் தங்கினார், அங்கிருந்தும் விரட்டினார்கள். இன்றைய தனியார் கம்பெனியில் பெயர் காட்டிக்கொடுக்காவிட்டாலும், 'ஊரில் எந்தத் தெரு?' என்ற கேள்வி காட்டிக்கொடுத்துவிடும்.

தேர்வெழுதிப் போகும் அரசு வேலையில் அந்தக் கேள்விக்கு இடம் குறைவு. குரூப்-4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். குரூப்-2 தேர்வுக்குப் பட்டம் வேண்டும். ஆனால் எந்தக் கல்லூரிப் பட்டம் என்று விடைத்தாள் பார்ப்பதில்லை. ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம்வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பணியிடங்களில் 20 விழுக்காடு முன்னுரிமையும் உண்டு. அதற்குப் பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரி பி.ஏ. போதுமே! பெரிய பெயருக்காக நிலத்தை அடகு வைப்பானேன்?

பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இல்லாதவர்கள் இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போங்கள்.